சுவரில் ஒட்டிய மனிதன்



இந்த வாரத் தியானத்தை என்னைப் பற்றிய ஓர் அறிக்கையோடு தொடங்க வேண்டியிருக்கிறது. உங்களில் பலர் அதைக் கண்ணாரக் கண்டிருக்கிறீர்கள். என்மேல் உள்ள அன்பினால் ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நம் சபையின் மூத்த தாயார் ஒருவரை அடக்கம் செய்தோம். நம் கல்லறைத் தோட்டம் மலையடிவாரத்து மேட்டில் இருப்பதை அறிவீர்கள். பெட்டிக்குப் பின்னால் பாடிக்கொண்டே ஏறியவர்களோடு நானும் ஏறினேன். பாதி மேட்டிலேயே பாட்டு என் வாயில் நின்றுபோயிற்று. குழியருகே வந்து ஆராதனைப் புத்தகத்தைத் திறந்தேன். எழுத்து தெரிந்தது, மூச்சு வரவில்லை. பெட்டியைத் தோளில் சுமந்து வந்த இளைஞர்கள் சாதாரணமாக நின்றார்கள். ஒரு சிறு புத்தகத்தை மட்டும் சுமந்து வந்த நான் பக்கத்துக் கல்லறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு எனக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். இறந்தவரின் மகன், கண்ணீர் காயாத முகத்தோடு, ஒரு தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தார். ஆறுதல் சொல்லப் போனவன் ஆறுதல் பெற்றுக்கொண்டு திரும்பினேன்.

அடுத்த வாரம் தேனிக்குச் சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். கடந்த மூன்று மாதங்களின் சர்க்கரை நிலவரத்தைக் காட்டும் எச்பிஏ1சி என்ற அளவு 6.3 என்று வந்தது. அந்த அளவு 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறோம் என்று பொருள், 6.5 ஆனால் வீட்டுக்குள் நுழைந்துவிட்டோம் என்று பொருள். எடை 86 கிலோ. இடுப்பின் சுற்றளவு 102 சென்டிமீட்டர். இந்திய ஆண்களுக்கு அது 90-ஐத் தாண்டக் கூடாது என்று மருத்துவர் சொன்னார். இந்த வாசற்படியில் நான் தனியாக நிற்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர்களும் 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, நம் தேசத்தில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. 13 கோடிக்கும் அதிகமானோர் அதன் வாசற்படியில் இருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது எனக்குக் கோடிகள் நினைவுக்கு வரவில்லை. என் தகப்பனார் நினைவுக்கு வந்தார். அவர் உபதேசியாராக இருந்தவர். மிதிவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று ஊழியம் செய்தவர். காலில் ஒரு சிறு புண் வந்தது. சர்க்கரை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதன்பின் இரண்டு ஆண்டுகள் நாற்காலியில் அமர்ந்தபடி பிரசங்கித்தார். ஞாயிறுதோறும் அவரை வீட்டிலிருந்து ஆலயத்திற்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அவர் எடை குறைந்து குறைந்து ஒரு பிள்ளையைத் தூக்குவதுபோல் ஆகிவிட்ட நாளும் எனக்கு நினைவிருக்கிறது. தேனியிலிருந்து திரும்பும் பேருந்தில், நாளை என்னைத் தூக்கப்போகும் கைகள் யாருடையவை என்று எண்ணிக்கொண்டே வந்தேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மதுரையிலிருந்து வந்த மகளிடம் இதைச் சொன்னேன். “அப்பா, உங்களுக்கு ஒரு விஷன் போர்டு செய்து தருகிறேன்” என்றாள். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். நாம் அடைய விரும்பும் நிலையைப் படங்களாக வெட்டி, ஓர் அட்டையில் ஒட்டி, தினமும் கண்ணில் படும் இடத்தில் மாட்டி வைப்பதாம். பார்க்கப் பார்க்க மனம் அந்தத் திசையில் போகுமாம். அவளுடைய விடுதியில் பாதிப்பேர் அறையில் அது இருக்கிறது என்றாள். கனவுப் பலகை என்று அதற்கு நான் ஒரு தமிழ்ப் பெயர் வைத்தேன்.

குருமனையின் கூடத்தில் சார்ட் தாளை விரித்து, பழைய வார இதழ்களையும் கத்தரிக்கோலையும் பசையையும் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் அப்பாவும் மகளும் உட்கார்ந்தோம். கட்டுமஸ்தான ஓர் இளைஞன் ஓடுகிற படம் நடுவில் வந்தது. சுற்றிலும் பழத்தட்டு, கீரைக்கட்டு, புத்தம்புதிய ஒரு ஜோடி ஓட்டக் காலணிகள், மேகமலையின் பச்சைச் சரிவு. மேலே சிவப்பு மையில், “72 கிலோ” என்று பெரிய எழுத்து. கடைசியில் மகள் என் பழைய பாஸ்போர்ட் புகைப்படத்திலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்து, அந்த இளைஞனின் கழுத்தின்மேல் ஒட்டினாள். வீடே சிரித்தது. படிப்பறையில் மேசைக்கு எதிரே அதை மாட்டினோம்.

அடுத்த பத்து வாரங்கள் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். தினமும் காலையில் காபித் தம்ளரோடு அந்தப் பலகையின் முன் நின்றேன். பார்க்க இன்பமாக இருந்தது. அந்த உடம்போடு பிரசங்க மேடையில் நிற்பதையும், மேகமலைச் சரிவில் ஏறுவதையும், உங்களில் சிலர் வியந்து பேசுவதையும்கூட மனத்தில் கண்டேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிடுவேன். பத்து வாரங்களில் நான் நடந்த நாட்கள் ஒன்பது. மார்ச் மாத நடுவில் எடை பார்த்தேன். 87 கிலோவும் ஐந்நூறு கிராமும்.

அந்த வாரத்தில்தான் நம் சபையின் பெரியவர் ஒருவர், பேரனுக்கு வேலை கிடைத்ததற்கு நன்றி செலுத்தி ஜெபிக்கும்படி வந்தார். வாழ்நாள் முழுவதும் வயல்களுக்கு நீர் பாய்ச்சும் வேலை செய்தவர். எழுபத்தைந்து வயதிலும் வாய்க்கால் வரப்பில் விரைந்து நடப்பவர். பலகையை வெகுநேரம் பார்த்தார்.

“தலை உங்க தலை மாதிரி இருக்குங்கய்யா. உடம்பு யாருது?” என்றார்.

விளக்கிச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

“இதைப் பார்த்தா எந்திரிச்சு நடக்கணும்னு தோணுதுங்களா?”

அவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. “இல்லை. நடந்து முடித்துவிட்டதுபோல் தோன்றுகிறது” என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எனக்கே உறைத்தது. பெரியவர் தலையை ஆட்டிவிட்டுக் காபியைக் குடித்தார். நான் ஜெபித்தேன். அவர் போய்விட்டார்.

பிரியமானவர்களே, நடக்காமலே நடந்து முடித்துவிட்டதுபோல் தோன்றும் இந்த மயக்கத்தை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பின்னர் வாசித்தறிந்தேன். காப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியல் அறிஞரும் தாமஸ் வாடன் என்ற அமெரிக்க அறிஞரும் 1991-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். எடைகுறைப்புத் திட்டத்தில் சேர்ந்திருந்த 25 பெண்களிடம் தொடக்கத்திலேயே இரண்டு காரியங்களைக் கேட்டறிந்தார்கள். எடை குறையும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள் என்பது ஒன்று. மெலிந்த பிறகு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று கற்பனை செய்கிறீர்கள் என்பது மற்றொன்று. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, எடை குறையும் என்று நம்பியவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் குறைத்திருந்தார்கள். ஆனால் மெலிந்த உடலைப் பற்றி மிக இனிமையாகக் கற்பனை செய்தவர்களோ, அப்படிக் கற்பனை செய்யாதவர்களைவிடச் சுமார் 11 கிலோ குறைவாகவே இழந்திருந்தார்கள்.

நம்பிக்கை வேறு, கற்பனை வேறு என்று அந்த ஆய்வு காட்டியது. பிரசங்கிக்கிற எனக்கு அது ஒரு பாடமாயிற்று. “என்னால் முடியும்” என்ற நம்பிக்கை, பெரும்பாலும் முன்பு செய்து பார்த்த அனுபவத்தில் வேர்கொண்டது. இனிய கற்பனைக்கோ அப்படி ஒரு வேர் தேவையில்லை. அது வழியில் உள்ள கல்லையும் முள்ளையும் காட்டாமல் முடிவை மட்டும் காட்டுகிறது. ஓட்டிங்கன் தம் சக ஆய்வாளரோடு 2011-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், இனிய கற்பனையில் திளைத்தவர்களின் இரத்த அழுத்தத்தையே அளந்து பார்த்தார். அது தாழ்ந்தது. செயலுக்கு எழும்ப வேண்டிய உடல், வேலை முடிந்துவிட்டது என்று ஓய்ந்துபோகிறது.

1999-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக மாணவர்களிடையே வேறொரு சோதனை நடந்தது. ஒரு பிரிவினர் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் வாங்கியதாகத் தினமும் சில நிமிடங்கள் மனத்தில் காண வேண்டும். மற்றொரு பிரிவினர் தாங்கள் எங்கே, எப்போது, எப்படிப் படிப்போம் என்று காண வேண்டும். படிக்கும் முறையைக் கண்டவர்கள் அதிகமாகப் படித்தார்கள். மதிப்பெண்ணும் கூடுதலாகப் பெற்றார்கள். மதிப்பெண்ணை மட்டும் கண்டவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

இவற்றை வாசித்தபோது என் கண்கள் படிப்பறையின் மற்றொரு சுவருக்குச் சென்றன. அங்கே ஒன்பது அட்டைகள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. ஆண்டுதோறும் டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் நாம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகள். என்னுடையவை லேமினேட் செய்யப்பட்டவை. உங்கள் வீடுகளுக்கு வரும்போதும் பார்க்கிறேன். வாசலுக்கு நேரே, தொலைக்காட்சிக்கு மேலே, பூ வேலைப்பாட்டோடு அவை தொங்குகின்றன. அட்டை எடுக்கும் இரவில் நம் கண்கள் கலங்குகின்றன. ஜனவரி கடைசிக்குள் அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதே பலருக்கு மறந்துபோகிறது. ஒன்பது அட்டைகளின் கீழே நின்று என்னையே கேட்டுக்கொண்டேன்: இவற்றில் எந்த ஒன்றின் நிமித்தமாவது நான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்து ஏதேனும் செய்தேனா? ஒன்றிரண்டைத் தவிர நினைவுக்கு வரவில்லை. தேவனுடைய வாக்குத்தத்தத்தையே நான் விஷன் போர்டு ஆக்கிவிட்டிருந்தேன்.

யாக்கோபு தம் நிருபத்தின் முதலாம் அதிகாரத்தில் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய், தான் எப்படியிருந்தான் என்பதை உடனே மறந்துவிடுகிற மனிதனைப் பற்றிச் சொல்லுகிறார். வசனத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவனுக்கு அது உவமை. நானோ அவனிலும் மோசமான நிலையில் இருந்தேன். என் கண்ணாடியில் என் முகம் இருந்தது. அதன்கீழே இன்னொருவனின் உடல் இருந்தது.

விஷன் போர்டு வைத்திருக்கும் விசுவாசிகள் ஆபகூக் இரண்டாம் அதிகாரத்தை மேற்கோள் காட்டுவதுண்டு. தரிசனத்தைப் பலகைகளில் தெளிவாக எழுதும்படி கர்த்தர் அங்கே தீர்க்கதரிசிக்குக் கட்டளையிடுகிறார். முதலாவது, ஆபகூக் எழுதிவைத்தது தம் சொந்த ஆசையை அன்று என்பதை மறக்கக் கூடாது. கொடுமை நிறைந்த காலத்தில் தேவன் நியாயம் செய்வார் என்ற செய்தி அது. அதை நம் எடைக்கும் வீட்டுக்கும் காருக்கும் இழுத்துப் பொருத்துவது சரியன்று. ஆயினும் அந்தப் பகுதியில் ஒரு காரியம் என்னைத் தொட்டது. அந்தப் பலகை ஓடுகிறவனுக்காக எழுதப்பட்டது. நின்று ரசிக்கிறவனுக்காக அல்ல.

சில நாட்கள் கழித்து நம் பெரியவரின் வீட்டுக்கு ஜெபிக்கச் சென்றேன். அவர் வீட்டுக் கூடத்துச் சுவரிலும் ஒரு படம் இருக்கிறது. நம் கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் இருக்கும் அதே படம்: பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுவிக். அவர் பிறந்த ஜனவரி 15 அன்று அவருக்காகப் பொங்கல் வைக்கும் ஊர்கள் இங்கே உண்டு. கூடலூருக்கு அப்பால் லோயர் கேம்ப்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபமும் திறக்கப்பட்டது.

“இந்தப் படத்தைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்டேன். அவர் என்னைக் கேட்ட கேள்வியை அவருக்கே திருப்பினேன்.

“அணை கட்டணும்னு தோணாதுங்கய்யா. ஜூன் மாசம் தண்ணி விட்டா, விடியறதுக்குள்ள மடைக்குப் போயிரணும்னு தோணும்” என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே எண்ணினேன். மேற்கே பாயும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பினால் இந்த வறண்ட சீமை பசுமையாகும் என்ற கனவு பென்னிகுவிக்குக்கு முன்பே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதற்கான வழியை ஆராய ஆட்களை அனுப்பினார். பணமில்லாமல் அது நின்றது. 1808-இல் அதை ஆராய்ந்த ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் கால்டுவெல், நடவாத கற்பனை என்று அதைத் தள்ளிவிட்டார். பசுமையான வயல் என்ற காட்சி ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பலருடைய மனத்தில் இருந்தது. ஒரு வயலும் அதனால் நனையவில்லை. 1882-இல் பென்னிகுவிக்கிடம் திட்டத்தையும் மதிப்பீட்டையும் தயாரிக்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அணை எங்கே, மலையைக் குடையும் சுரங்கம் எங்கே, எவ்வளவு கல், எவ்வளவு சுண்ணாம்பு, எவ்வளவு செலவு என்பவையெல்லாம் தாளில் வந்தன. 1887-இல் வேலை தொடங்கியது. ஆற்றுவெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துக்கொண்டு போனது, மறுபடியும் கட்டினார்கள். மலைக்காய்ச்சலும் காலராவும் வேலையாட்கள் பலரைக் கொன்றன. அவர்களில் பெரும்பாலோரின் படம் எந்தச் சுவரிலும் இல்லை. 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. ஒன்றரை கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள சுரங்கத்தின் வழியாகத் தண்ணீர் மலையைக் கடந்து நம் பக்கம் வந்தது. இன்று நம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் அந்தத் தண்ணீரை நம்பியிருக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும், விடியலில் ஒருவர் எழுந்துபோய் மடையைத் திறக்காவிட்டால் கடைசி வயலுக்குத் தண்ணீர் சேராது. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று லூக்கா பதினான்காம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் போதித்தார். என் பலகையில் கோபுரம் இருந்தது. செலவுக் கணக்கு இல்லை.

ஆகவே மகளைத் தொலைபேசியில் அழைத்தேன். அவள் மனம் வருந்துவாளோ என்று தயங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். “அந்த உடம்பைப் பிய்த்துவிடுங்கள் அப்பா. அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம்” என்றாள். என் மனைவியும் நானும் புதிய சார்ட் தாளை விரித்தோம். உங்களில் யாருக்கேனும் பயன்படலாம் என்பதால், அதில் என்ன இருக்கிறது என்று சொல்லுகிறேன்.

நடுவில் இப்போது இரண்டே படங்கள். ஒன்று, மிதிவண்டியைப் பிடித்தபடி நிற்கும் என் தகப்பனார், இரண்டு கால்களோடு. மற்றொன்று, நம் கல்லறைத் தோட்டத்துக்கு ஏறும் பாதை. அதன்கீழே என் விருப்பத்தை எழுதினேன்: “மேடு முழுவதும் பாடிக்கொண்டே ஏற வேண்டும்.” 72 கிலோ என்ற எண்ணை எடுத்துவிட்டேன். எடை நாம் நேரே கட்டளையிடக்கூடிய காரியம் அல்ல. நடப்பதும் உண்பதும் நம் கையில் இருக்கின்றன.

அடுத்த பகுதியில் வழியை ஒட்டினோம். வாய்க்கால் கரையின் மூன்று இடங்களை என் கைபேசியில் படமெடுத்து வந்தேன். சிறு பாலம், பத்து நிமிடம். புளியமரம், பதினைந்து நிமிடம். மோட்டார் அறை, இருபது நிமிடம். முதல் வாரம் பாலம் வரை போய்த் திரும்பினால் போதும் என்று வைத்துக்கொண்டேன். பெரியவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான வேகத்தில் உடலை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. புளியமரம் வரை போய்த் திரும்பினால் அரை மணி. வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் கணக்குச் சரியாகிவிடும்.

மூன்றாவது பகுதிதான் எனக்கு மிகவும் கடினமாயிருந்தது. இடப்பக்கம் தடைகளையும் வலப்பக்கம் அவற்றிற்கான பதிலையும் எழுதினோம். என் மனைவி ஒன்றையும் விடாமல் நினைவூட்டினாள். விடியற்காலையில் ஜெபத்திற்காகத் தொலைபேசி வந்தால், நடந்துகொண்டே பேசுவேன். மழை தூறினால், ஆலயத்திற்குள் பின்வாசலிலிருந்து பீடத்தின் முன்வரை சுற்றி நடப்பேன். வீடு சந்திக்கச் சென்றால், உட்காரும்போதே சீனியில்லாத காபி என்று சொல்லிவிடுவேன். அன்பின் விருந்தில் பிரியாணி வந்தால், ஒருமுறை மட்டும் வாங்கிக்கொள்வேன். “இப்படி நேர்ந்தால், இப்படிச் செய்வேன்” என்று முன்கூட்டியே எழுதிவைப்பதற்குப் பலன் உண்டு என்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் அறிஞர் தம் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். முடிவெடுக்க வேண்டிய வேளையில் மனம் தள்ளாடுவதில்லை. முன்பே எடுத்த முடிவு அங்கே காத்திருக்கிறது.

கடைசிப் பகுதி வெறும் கட்டங்கள். நடந்த நாளின் நாட்காட்டித் தாளைக் கிழித்து அன்றைய கட்டத்தில் ஒட்டுவேன். நடக்காத நாளின் கட்டம் வெறுமையாக இருக்கும்.

இதைத் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. அற்புதச் சாட்சி எதுவும் என்னிடம் இல்லை. ஏறத்தாழ எண்பது தாள்கள் ஒட்டியிருக்கின்றன. மே மாதத்தில் விடுமுறை வேதாகமப் பள்ளி நடந்தபோது தொடர்ந்து எட்டுக் கட்டங்கள் வெறுமையாக இருக்கின்றன. அவற்றை மறைக்க வேறு தாள் ஒட்டலாமா என்று ஒரு கணம் எண்ணியதையும் ஒத்துக்கொள்கிறேன். எடை 83 கிலோ. சர்க்கரை அளவு 6.0. இன்னும் வாசற்படியில்தான் இருக்கிறேன். ஆனால் முகம் வெளியே பார்த்திருக்கிறது. சென்ற மாதம் மற்றோர் அடக்கத்திற்காக அதே மேட்டில் ஏறினோம். இரண்டு சரணங்கள் பாடினேன். கடைசித் திருப்பத்தில் மூன்றாவது சரணம் கைவிட்டது. ஆனாலும் குழியருகே யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. புத்தகத்தைத் திறந்ததும் வாசித்தேன்.

ஒரு காரியத்தில் எச்சரிக்கையாயிருங்கள். உங்களில் நடிகரின் உடலையோ விளம்பரப் பெண்ணின் இடுப்பையோ சுவரில் ஒட்டி, தினமும் அதன்முன் நின்று வெட்கப்படுகிறவர்கள் இருந்தால், அதை இன்றே எடுத்துவிடுங்கள். தேவன் உங்களுக்குத் தந்த சரீரம் வேறொருவரின் தலைக்குப் பொருத்த வேண்டிய பொருள் அல்ல. மேலும் திராட்சைத் தோட்டத்திலும் வாழைத் தோப்பிலும் ஏலக்காய் மலையிலும் நாள் முழுவதும் பாடுபடும் சகோதரிகளுக்கு நடைப்பயிற்சியைப் போதிக்க எனக்குத் தகுதியில்லை. உங்கள் பலகையில் வேறு ஏதேனும் இருக்கக்கூடும்: வேலைக்குப் போகுமுன் வெறும் காபியோடு நிறுத்தாமல் ஒரு வேளைச் சாப்பாடு, பல மாதமாய்த் தள்ளிப்போட்ட இரத்தப் பரிசோதனை, நோகிற முழங்காலைக் காட்ட ஒரு நாள் விடுப்பு. நடக்கும்போது நெஞ்சு வலிப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் போங்கள். பலகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் தொங்கும் இந்த ஆண்டின் வாக்குத்தத்த அட்டையின் கீழே ஒரு சிறு தாளை ஒட்டி, அதன் நிமித்தம் நாளைக் காலை நீங்கள் செய்யப்போகும் ஒரே ஒரு காரியத்தையும், அதற்குக் குறுக்கே வரக்கூடிய ஒரு தடையையும், அப்போது என்ன செய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். மூன்று வரிகள் போதும். வாக்குத்தத்தத்தை நிறைவேற்றுகிறவர் தேவன். காலையில் எழுந்து கதவைத் திறக்க வேண்டியவர்கள் நாம்.

வாய்க்கால் கரையில் என்னோடு நடக்க விரும்புகிறவர்கள் திங்கட்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்கு ஆலய வாசலுக்கு வாருங்கள். நம் பெரியவரும் வருகிறார். அவரோடு நடப்பவர்கள் சற்று விரைவாக நடக்க வேண்டியிருக்கும்.

அன்பின் பிதாவே, எங்கள் சரீரங்களை நீர் எங்களிடம் ஒப்புவித்திருக்கிறீர். ரசித்து நின்ற நாட்களை மன்னியும். நாளை விடியும்போது எழுந்திருக்கும் பெலனைத் தாரும். வெறுமையான கட்டங்களை மறைக்காமல், அடுத்த கட்டத்திற்குப் போகும் தாழ்மையையும் தாரும். ஆமென்.

அன்புடன்,
உங்கள் போதகர்